மலையகத்தை வைத்துக் குடியுரிமையை அளந்தால்

1948 நவம்பர் 15ஆம் தேதி இலங்கையின் குடியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அடுத்த 25ஆம் நாள், டிசம்பர் 10 அன்று, பாரிசில் கூடிய ஐ.நா. பொதுச்சபை மனித உரிமைப் பிரகடனத்தை ஏற்றது. அதன் 15ஆம் பிரிவு, ஒவ்வொருவருக்கும் ஒரு நாட்டின் குடியுரிமை உண்டு, அதை யாரிடமிருந்தும் தான்தோன்றித்தனமாகப் பறிக்கக் கூடாது என்கிறது. உலகம் இந்த வாக்குறுதியை எழுதிக்கொண்டிருந்த அதே வாரங்களில், இலங்கையின் தேயிலை, ரப்பர் தோட்டங்களில் வாழ்ந்த தமிழரில் பெரும்பாலோர் எந்த நாட்டுக்கும் உரியவரல்லாதவராகிப் போனார்கள். இரண்டும் ஒரே காலத்தின் செயல்கள். ஒன்றை ஐ.நா.வின் வெற்றி என்று கொண்டாடுகிறோம். மற்றதை ஒரு சிறு தீவின் உள்விவகாரம் என்று ஒதுக்கிவைத்திருக்கிறோம்.

குடியுரிமை எதனால் வருகிறது என்று சட்டம் படித்தவரைக் கேட்டால் பிறப்பு, வம்சாவளி, பதிவு என்று வழிகளைச் சொல்வார். அரசியல் மேடையில் கேட்டால் நாட்டுப்பற்று, உழைப்பு, கடமை என்று விடை வரும். இவற்றில் எது உயிர்நிலை, எது மேற்பூச்சு என்று எல்லாம் கையில் உள்ள ஒருவரை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. எது தன்னைத் தாங்குகிறது என்று அவருக்கே தெரியாது. அந்தத் தோட்டங்களின் மக்களான மலையகத் தமிழருக்கோ இவை தனித்தனியாகக் கிடைத்தன, தனித்தனியாகப் பறிபோயின, வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு வரிசையில் திரும்பி வந்தன. குடியுரிமை பற்றிய கருத்துகளை உரசிப் பார்க்க இவர்களுடைய வரலாற்றைவிட நல்ல உரைகல் எனக்குத் தெரியவில்லை.

வம்சாவளியிலிருந்து தொடங்கலாம். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டப்படி, அதற்கு முன் இலங்கையில் பிறந்த ஒருவர் வம்சாவளிக் குடிமகனாக வேண்டுமானால் அவருடைய தந்தை இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்திருக்க வேண்டும். தமிழர் என்றோ தோட்டத் தொழிலாளி என்றோ சட்டத்தில் ஒரு சொல்கூட இல்லை. லயன் என்னும் தோட்ட வரிசை வீட்டின் காம்பராவில் பிறந்து, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் பேர் கொடுத்து, கொழுந்து கூடையோடு காலம் கழித்தவர் தன் தந்தையின் பிறப்பை எந்தக் காகிதத்தால் நிறுவுவார்? கிராமத்துச் சிங்களக் குடும்பங்கள் பலவற்றிலும் அப்படிப்பட்ட காகிதம் இருந்திருக்காது. அவர்களிடம் யாரும் அதைக் கேட்கவில்லை. எல்லாருக்கும் பொதுவாக எழுதி, சிலரிடம் மட்டும் நீட்டப்படும் விதி எப்படி வேலை செய்யும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

மறு ஆண்டு, இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர்களுக்கான பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. மணமானவர் 7 ஆண்டும் மணமாகாதவர் 10 ஆண்டும் இடையறாது இலங்கையில் வசித்ததை நிறுவ வேண்டும். விண்ணப்பிக்க இரண்டே ஆண்டு அவகாசம். ஏறத்தாழ 8 லட்சம் பேர் சார்பில் விண்ணப்பங்கள் போயின. பதினைந்து ஆண்டு இழுத்தடித்து முடிந்தபோது 1,34,000 பேரளவில்தான் குடியுரிமை பெற்றிருந்தார்கள். அதே 1949இல் தேர்தல் சட்டமும் திருத்தப்பட்டு, குடியுரிமை இல்லாதவரின் வாக்கு எடுக்கப்பட்டது.

இது நீதிமன்றத்துக்குப் போனது. இலங்கைக்கு வழங்கப்பட்ட சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு, ஓர் இனத்துக்கு மட்டும் பாதகம் விளைவிக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றக் கூடாது என்று தடுத்திருந்தது. கோடகன் பிள்ளை வழக்கில் 1953இல் லண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்புச் சொன்னது: தன் குடிமக்கள் யார் என்று வகுப்பது எந்த நாட்டுச் சட்டமன்றத்துக்கும் இயல்பான அதிகாரம், ஆகவே சட்டம் செல்லும். அந்தத் தீர்ப்பின் தர்க்கத்தை எத்தனை முறை படித்தாலும் என்னால் ஏற்க முடியவில்லை. 29ஆம் பிரிவு சிறுபான்மையினரைப் பாதுகாக்க வந்தது. யார் உள்ளே, யார் வெளியே என்று தீர்மானிக்கும் அதிகாரத்தைக் கட்டின்றிப் பெரும்பான்மையிடம் விட்டுவிட்டால், பாதுகாக்கப்பட வேண்டியவரை முதலில் வெளியே தள்ளிவிட்டு, மீந்தவரைச் சமமாக நடத்துகிறோம் என்று சொல்லிக்கொள்ளலாம். பிரிவி கவுன்சில் அனுமதித்தது அதைத்தான். வம்சாவளி குடியுரிமைக்கு ஒரு வாயிலாக இருக்கலாம். ஒரே வாயிலாக அதை ஆக்கும்போது, ஒருவர் எங்கே வாழ்ந்தார், யாரோடு வாழ்ந்தார் என்ற கேள்வி முழுவதும் அடிபட்டுப் போகிறது.

இதற்கு எதிராக நம் பக்கத்தில் காலங்காலமாக எழுப்பப்படும் வாதம் உழைப்பு. தலைமன்னாரில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து, வழியில் காய்ச்சலுக்கும் பேதிக்கும் பலரைப் பறிகொடுத்து, முதலில் கோப்பியையும் பிறகு தேயிலையையும் வளர்த்தவர்கள் இவர்கள். லூல்கந்துரவில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் போட்ட தேயிலை, இலங்கையின் ஏற்றுமதி வருவாயில் பாதிக்கு மேல் தரும் அளவுக்கு வளர்ந்தது இவர்கள் கையால். நாட்டைக் கட்டியவர்களுக்கு நாட்டில் உரிமை இல்லையா என்று மேடைதோறும் கேட்டிருக்கிறோம். கேட்கும்போது நெஞ்சு விம்முகிறது. ஆனாலும் இந்த வாதத்தை நான் நிராகரிக்கிறேன். அது தவறான கூட்டாளியோடு கைகோத்து நிற்கிறது.

உழைப்புக்குக் கூலியாகக் குடியுரிமை வருமென்றால், உழைப்பு நின்ற நாளில் அது என்ன ஆகும்? கொழுந்து பறிக்கும் கை ஓய்ந்துபோன கிழவிக்கும், பிறந்த அன்றே நோயில் விழுந்த பிள்ளைக்கும் என்ன விடை சொல்வது? தேயிலையின் விலை உலகச் சந்தையில் விழுந்தால் அவர்களுடைய உரிமையும் சேர்ந்து விழுமா? கொழும்புக் கறுவாத்தோட்டத்துக் குடும்பங்களிடம் நீங்கள் இந்த நாட்டுக்கு என்ன செய்தீர்கள் என்று யாரும் கேட்டதில்லை. அவர்கள் இருப்பதே போதுமாக இருந்தது. மலையகத்தவரிடம் மட்டும் சாதனைப் பட்டியல் கேட்பதும், நாமே அதை முந்திக்கொண்டு நீட்டுவதும், அவர்கள் கூலிக்காக வந்தவர்கள் என்ற பழைய பார்வையை வேறு குரலில் சொல்வதாகிவிடுகிறது. தோட்டத்தின் விதியும் அதுதான். தோட்டத்தில் பேர் இருக்கும்வரை காம்பரா. பேர் போனால் காம்பராவும் போகும். வேலையோடு கட்டிப்போடப்பட்ட வீடு மலையகத்தின் ஆறாத புண். அதே கயிற்றால் குடியுரிமையையும் கட்டுவதற்கு நாமே வாதாடக் கூடாது.

மேற்கில் இந்தப் பொருளைப் பற்றி அதிகம் மேற்கோள் காட்டப்படுபவர் ஆங்கிலச் சமூகவியலாளர் டி.எச். மார்ஷல். அவர் கேம்பிரிட்ஜில் குடியுரிமை பற்றி உரையாற்றியதும் 1949இல்தான். பேச்சு, சொத்து, நீதிமன்றம் சார்ந்த குடிசார் உரிமைகள் 18ஆம் நூற்றாண்டில் வந்தன, வாக்குரிமை முதலியவை 19இல் வந்தன, கல்வியும் நலவாழ்வும் 20இல் வந்தன என்று இங்கிலாந்தின் வரலாற்றை அடுக்கிக் காட்டினார். ஒன்றின் மேல் ஒன்று எழும் மாடி வீடாக அவருக்குக் குடியுரிமை தெரிந்தது. அந்த இங்கிலாந்து ஆண்ட மலையகத்தில் அடுக்கு தலைகீழ். 1931இல் டொனமூர் சீர்திருத்தம் அனைவருக்கும் வாக்குரிமை தந்தபோது, வதிவிட நிபந்தனைகளுக்கு உட்பட்டுத் தோட்டத் தமிழரில் பலர், பெண்கள் உட்பட, வாக்காளர் ஆனார்கள். குடிசார் உரிமையோ அப்போது அவர்களை எட்டியே பார்க்கவில்லை. தோட்டம் தனியார் சொத்து. தோட்டத்தை நடத்தும் துரையின் அனுமதியின்றி வெளியாள் உள்ளே காலெடுத்து வைக்க முடியாது. தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யர் துணி வியாபாரி வேடம் போட்டுத்தான் தோட்டங்களுக்குள் நுழைந்து தொழிலாளரிடம் பேசினார் என்று மலையகத்தில் சொல்வார்கள். வாக்களிக்கலாம், தன் காம்பராவுக்கு யார் வரலாம் என்று தானே முடிவு செய்ய முடியாது. மார்ஷலின் அடுக்கில் இப்படிப்பட்ட குடிமகனுக்கு இடமே இல்லை.

ஹன்னா அரென்ட் இன்னும் நெருங்கி வருகிறார். ஜெர்மனியின் யூதரான அவர் 1937 முதல் 1951 வரை தானே நாடற்றவராக இருந்தவர். மனிதர் என்பதால் மட்டும் கிடைக்கும் உரிமைகள், அவற்றைக் கேட்டு ஏற்க ஓர் அரசியல் சமூகம் இல்லாதபோது காற்றில் கரைந்துவிடுகின்றன. எல்லா உரிமைக்கும் முந்தியது அப்படி ஒரு சமூகத்தில் இடம் பெறும் உரிமை என்பது அவர் கண்டது. 1948க்குப் பிந்தைய மலையகத்துக்கு இது அப்படியே பொருந்தும். ஆனால் ஓர் இடைவெளி இருக்கிறது. அரென்ட் கண்ட நாடற்றவர் துரத்தப்பட்டவர், முகாமில் அடைக்கப்பட்டவர். மலையகத்தவரை அப்போது யாரும் துரத்தவில்லை. மறுநாள் காலையும் பெரட்டுக்குக் கொம்பு ஊதினார்கள், மறுநாளும் கொழுந்து நிறுத்தார்கள். உரிமையை எடுத்துக்கொண்டு உழைப்பை வைத்துக்கொள்ள முடியும் என்று இலங்கை காட்டியது. இன்று வளைகுடா நாடுகளில் கோடிக்கணக்கானோர் வாழ்வதும் அந்த ஏற்பாட்டின் பிள்ளைதான்.

வாக்கு மட்டும் இருந்தால் மற்றவை தானாக வருமா? இந்தக் கேள்விக்கு வரலாறு தரும் விடையை அலட்சியப்படுத்த முடியாது. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் மலைநாட்டுத் தொகுதிகளில் வென்றது. நுவரெலியாவிலிருந்து சௌமியமூர்த்தி தொண்டமானும் தலவாக்கலையிலிருந்து எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளையும் நாடாளுமன்றம் போனார்கள். வேறு பல தொகுதிகளில் தோட்ட வாக்குகள் இடதுசாரிகளை வெல்லவைத்தன. டி.எஸ். சேனநாயக்கவின் அரசு அவசர அவசரமாகச் சட்டம் கொண்டுவந்ததற்கு இந்த வாக்குகளே காரணம் என்று நான் நினைக்கிறேன். பயனற்ற ஒன்றைப் பறிக்க யாரும் இவ்வளவு மெனக்கெட மாட்டார்கள். 1952 தேர்தலில் காங்கிரசுக்கு ஒரு இடமும் இல்லை. குடியுரிமை கேட்டு அந்த ஆண்டு நடந்த சத்தியாக்கிரகம் எதையும் மாற்றவில்லை. அதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. தொகுதிகளை மக்கள்தொகையைக் கொண்டு வகுத்தார்கள்; வாக்கில்லாத தமிழரையும் அந்தக் கணக்கில் சேர்த்தார்கள். ஆகவே மலைநாட்டில் தொகுதிகள் கூடின, அவற்றைத் தேர்ந்தெடுக்கும் கை வேறு யாருடையதாகவோ இருந்தது. எண்ணிக்கைக்கு மட்டும் ஆளாக, எண்ணத்துக்கு ஆளாகாமல் இரண்டு தலைமுறை கழிந்தது.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 1977இல் நுவரெலியா–மஸ்கெலியா தொகுதியில் தொண்டமான் வென்ற பிறகு காற்று திசை மாறியது. 1978 அரசியலமைப்பு, வம்சாவளிக் குடிமகன், பதிவுக் குடிமகன் என்ற பாகுபாட்டை நீக்கியது. 1984இல் வேலைநிறுத்தத்தின் பின் ஆண், பெண் கூலி சமமானது. 1986 ஜனவரியில் குடியுரிமை கேட்டுத் தோட்டங்கள் வேலையை நிறுத்திப் பிரார்த்தனைக்கு அமர்ந்தன. அந்த ஆண்டே ஒரு சட்டம், 1988இல் இன்னொன்று, கடைசியாக 2003இன் 35ஆம் இலக்கச் சட்டம். 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினரையும் அவர்களின் சந்ததியையும் இந்தக் கடைசிச் சட்டம் ஒரே வரியில் குடிமக்களாக்கியது. அகதிகளுக்கான ஐ.நா. ஆணையம் உதவ, பத்தே நாள் இயக்கத்தில் 1,90,000 பேருக்கு மேல் தாள் வாங்கினார்கள். வாக்கு இல்லாத 1950களில் கெஞ்சிக் கிடைக்காதது, கூட்டணிக்கு வாக்கு தேவைப்பட்ட காலத்தில் கிடைத்தது. வாக்குச்சீட்டை வெறும் சடங்கு என்று பேசுபவர்கள் இதற்கு முதலில் விடை சொல்லட்டும்.

ஆனால் அந்த வாக்கும் ஒரு கை வழியாகத்தான் போய்ச் சேர்ந்தது. சங்கச் சந்தாவைத் தோட்ட நிர்வாகமே சம்பளத்தில் பிடித்துக் கொடுக்கும். சங்கத் தலைவர் கூட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவார். அவரே அமைச்சரவையிலும் இருப்பார். பிறப்புச் சான்றிதழ் முதல் பிள்ளையின் வேலை வரை தோட்டத் தலைவரிடம் போய் நின்றுதான் வாங்க வேண்டும் என்ற பழக்கம் ஊறிப்போனது. அந்தத் தலைவர்கள் இல்லாவிட்டால் குடியுரிமை வந்திராது என்பது உண்மை. அவர்கள் வழியாக மட்டுமே வந்ததால் அது பாதியில் நின்றது என்பதும் உண்மை.

1964 ஒப்பந்தத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அந்த அக்டோபர் 30 அன்று டெல்லியில் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் 9,75,000 மனிதர்களைப் பங்கிட்டார்கள். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்தார்கள். 1974இல் இந்திரா காந்தி காலத்தில் அவர்களைப் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். மேசையின் எந்தப் பக்கத்திலும் அந்த மக்களின் பிரதிநிதி கையெழுத்திடவில்லை. விண்ணப்பம் கேட்டபோது, இந்தியாவுக்கு ஒதுக்கிய எண்ணிக்கைக்கும் குறைவானவர்களே இந்தியா வேண்டும் என்றார்கள். இலங்கையைக் கேட்டவர்கள் அதற்கு ஒதுக்கிய எண்ணிக்கையில் இரண்டு மடங்கைத் தாண்டினார்கள். மக்கள் தங்கள் நாடு எது என்று சொல்லிவிட்டார்கள். ஒப்பந்தம் அதைக் கேட்டுத் தன்னைத் திருத்திக்கொள்ளவில்லை. அண்ணனுக்கு இந்தியா, தங்கைக்கு இலங்கை என்று குடும்பங்கள் பிளந்தன. தலைமன்னாருக்குப் போன ரயிலை மலையகம் ஒப்பாரிக் கோச்சி என்றே அழைத்தது. 1984இல் போர் காரணமாகக் கப்பல் நின்றபோதுதான் அந்தப் போக்குவரத்தும் நின்றது.

இன்னொரு நாட்டோடு கணக்குத் தீர்க்கத் தன் எல்லைக்குள் வாழ்பவரை ஓர் அரசு கைமாற்ற முடியுமென்றால், அங்கே குடிமகன் என்ற சொல்லுக்குப் பொருளில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே, குடியுரிமையின் அடிப்படை வாழுமிடத்தில் இருக்கிறது, வம்சத்திலோ உழைப்பிலோ இல்லை என்று நான் கொள்கிறேன்.

அப்படியானால் 2003க்குப் பிறகு என்ன குறை? அன்றோடு நாடற்ற நிலை முடிந்தது. அது சிறிய சாதனை அல்ல. இன்றும் உலகில் பல நாடுகள் அதைச் செய்ய மறுக்கின்றன. ஆனால் வாழுமிடத்தை அளவுகோலாக வைத்துப் பார்த்தால், சட்டம் வந்து இருபது ஆண்டு கழிந்தும் மலையகம் தேறவில்லை. என் தீர்ப்பின் முதன்மைச் சாட்சி பெரிய சட்டம் எதுவும் அல்ல; 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு. தோட்டம் தனியார் நிலமாகக் கருதப்பட்டதால் உள்ளூராட்சி அமைப்பான பிரதேச சபை தன் பணத்தை அங்கே செலவிட அந்தப் பிரிவு தடையாக இருந்தது. தோட்டத்து மக்கள் சபைக்கு வாக்களித்தார்கள். அவர்களின் வாக்கால் தலைவர்கள் வந்தார்கள். அந்தத் தலைவர்கள் லயத்துக்குப் போகும் பாதைக்கு ஒரு லாரி கல் கொட்ட முடியவில்லை, ஒரு விளக்குக் கம்பம் நட முடியவில்லை. 2018இல்தான் சட்டம் திருத்தப்பட்டது. குடியுரிமை முழுமையாகக் கிடைத்ததாகச் சொன்ன நாளிலிருந்து எண்ணினாலும் பதினைந்து ஆண்டு, அரசு தன் குடிமகனின் வாசலுக்கு வரச் சட்டப்படி தயங்கி நின்றது.

தபாலும் அப்படித்தான். லயத்துக்குத் தனி வீட்டு எண் இல்லை. கடிதம் தோட்ட அலுவலகத்துக்குப் போகும், அங்கிருந்து எப்போது கைக்கு வருகிறதோ அப்போது வரும். வேலைக்கான நேர்முகத் தேர்வுக் கடிதமும், வங்கிக் கடிதமும், நீதிமன்ற அழைப்பும் தோட்ட நிர்வாகத்தின் மேசையைத் தாண்டித்தான் வர வேண்டும் என்றால், அந்த மனிதருக்கும் நாட்டுக்கும் நடுவில் இன்னும் ஒருவர் நிற்கிறார். ஒரு காலத்தில் கங்காணி நின்றார், பிறகு துரை, இப்போது கம்பனி. 1970களின் காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இலிருந்து பெருந்தோட்டக் கம்பனிகள் நடத்துகின்றன. நிலத்தின் உரிமையாளர் இன்றும் பெரும்பாலும் அரசுதான். குடிமக்கள் குடியிருக்கும் மண்ணை, குடியிருப்பவரோடு சேர்த்தே அரசு குத்தகைக்கு விட்டது.

இது வறுமை, குடியுரிமைப் பிரச்சினை அல்ல என்று சிலர் மறுக்கலாம். சிங்கள விவசாயியும் ஏழைதான். எடுத்த எடுப்பில் ஒதுக்கிவிட முடியாத மறுப்பு இது. ஆனால் ஏழைச் சிங்கள விவசாயிக்கு 1935இன் காணி அபிவிருத்திச் சட்டம் அரச காணியைத் தந்தது. இந்திய வம்சாவளியினரை அந்தச் சட்டம் தன் வரையறையால் வெளியே நிறுத்தியது. அதன் பிறகு கல்லோயாவிலும் மகாவலியிலும் குடியேற்றங்கள் வந்தன. தேயிலைத் தோட்டத்து எல்லையில் நிற்கும் சிங்களக் கிராமத்தில் ஏழையும் தன் வீட்டில் இருக்கிறார். அவர் வேலை போனாலும் வீடு போகாது, கடிதம் அவர் பெயருக்கு அவர் வாசலுக்கு வரும். ஏழை என்ற நிலை இருவருக்கும் பொது. நிலமும் முகவரியும் இல்லாத நிலை ஒருவருக்கு மட்டும். அதை ஏற்படுத்தியது சட்டம். 7 பேர்ச் காணியும் தனி வீடும் என்ற திட்டம் நல்ல திசையில் வைத்த அடி. இந்திய உதவியில் 4,000 வீடுகள் கட்டப்பட்டன. 2017 மே மாதம் நோர்வூட்டில் இன்னும் 10,000 வீடுகளை நரேந்திர மோடி அறிவித்தார். ஆனால் வீடு எழுந்த பல இடங்களிலும் காணி உறுதி கைக்கு வரத் தாமதமாகிறது. உறுதியில்லாத வீடு புதிய கூரை போட்ட காம்பராதான். உறுதி வரும்போது அது பெண்ணின் பெயரிலும் வர வேண்டும். கொழுந்தில் பெரும்பங்கு அவள் கையால் வருகிறது என்பதற்காகச் சொல்லவில்லை, அவளும் அங்கே வாழ்கிறாள் என்பதற்காகச் சொல்கிறேன்.

கடமையையும் எடைபோட வேண்டும், ஏனெனில் குடியுரிமையைப் பற்றிப் பேசத் தொடங்கினாலே கடமைப் பட்டியல் வந்துவிடுகிறது. வரியும் சட்டத்துக்குப் பணிவும் அந்தப் பட்டியலில் முதலில் நிற்கும். அவை நாட்டில் தங்கியிருக்கும் வெளிநாட்டவருக்கும் உள்ளவைதான். குடிமகனுக்கே உரிய கடமை வேறு: சக குடிமகனின் உறுப்புரிமை பறிக்கப்படும்போது எழுந்து நிற்பது. இந்த அளவில் 1948இன் இலங்கை அரசியல் மோசமாகத் தோற்றது. இடதுசாரிகள், என்.எம். பெரேராவும் கொல்வின் ஆர். டி சில்வாவும் பீட்டர் கெனமனும், அன்று சட்டத்தை எதிர்த்தார்கள். அந்தப் பெருமையை யாரும் அவர்களிடமிருந்து எடுக்க முடியாது. ஆனால் 1964இல் ஒப்பந்தம் கையெழுத்தானபோது பெரேராவும் கொல்வினும் இருந்த சமசமாஜக் கட்சி சிறிமாவோ அரசில் பங்காளியாக இருந்தது. 29ஆம் பிரிவை அகற்றிய 1972 அரசியலமைப்பைச் செதுக்கியவர் அதே கொல்வின். வடக்குத் தமிழரின் தலைமை பற்றியும் மென்று விழுங்காமல் சொல்ல வேண்டும். ஜி.ஜி. பொன்னம்பலம் 1948 சட்டத்தை எதிர்த்து வாக்களித்தார், பிறகு அமைச்சரானார், 1949 சட்டத்துக்கு ஆதரவாக வாக்களித்தார். அவருடைய கட்சியிலிருந்து செல்வநாயகம் பிரிந்துபோய் அந்த ஆண்டு டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். இன்று தோட்டத் தமிழனைத் தொடும் சட்டம் நாளை நம்மையும் தொடும் என்று அவர் கண்டுகொண்டது நடந்தது. 1956இல் தனிச்சிங்களச் சட்டம் வந்தபோது, எதிர்த்து விழுந்திருக்க வேண்டிய லட்சக்கணக்கான மலையக வாக்குகள் இல்லாமல் போயிருந்தன.

தமிழ்நாட்டையும் இதே உரைகல்லில் வைத்துப் பார்க்கவேண்டும், இல்லாவிட்டால் இந்தத் திறனாய்வு பக்கச் சாய்வு உடையதாகிவிடும். ஒப்பந்தப்படி நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் தாயகம் திரும்பியோர் என்ற பெயரில் இங்கே வந்தார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு இது தாத்தாவின் தாயகம். அவர்களுக்காக நீலகிரியில் 1968இல் அரசு தேயிலை போட்டது. 1976இல் அது டான்டீ என்னும் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமானது. கூடலூர், பந்தலூர், கோத்தகிரிப் பக்கம் இன்றும் இலங்கைப் பேச்சின் சாயல் கேட்கும். இவர்களின் குடியுரிமையில் யாருக்கும் ஐயமில்லை. வாக்கு உண்டு, ரேஷன் அட்டை உண்டு, கடவுச்சீட்டு உண்டு. போருக்குத் தப்பி 1983க்குப் பின் வந்து முகாம்களில் இருப்போருக்கு இவை இல்லை. அவர்களிலும் ஆயிரக்கணக்கானோர் மலையக வம்சத்தவர். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் அவர்களை எண்ணவே இல்லை. அந்த ஆண்டு ஜூனில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவர்களின் விண்ணப்பங்களை ஒன்றிய அரசு பரிசீலிக்க வேண்டும் என்று தீர்ப்புத் தந்தது. முகாமில் அகதி என்ற பெயரோடு பிறந்து, வளர்ந்து, பிள்ளை பெற்ற ஒருவரை, வாழுமிடத்தை அளவுகோலாகக் கொண்டால், இந்தியர் அல்ல என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

முகாமுக்கு வெளியே, எல்லாத் தாளும் உள்ள டான்டீ தொழிலாளியின் நிலை என்ன? வீடு கழகத்தின் குடியிருப்பு. வேலையில் இருக்கும்வரை அதில் இருக்கலாம்; ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும். 2022இல் கழகத்தின் நிலத்தில் ஒரு பெரும் பகுதியை வனத்துறையிடம் திருப்பிக் கொடுக்க அரசு முடிவெடுத்தபோது, அரை நூற்றாண்டு அங்கே வாழ்ந்தவர்கள் மறுபடி எங்கே போவது என்று தெருவில் நின்று கேட்டார்கள். சிலருக்கு மாற்று வீடு தர அரசு முன்வந்திருக்கிறது. மலையகத்து ஹட்டனில் பேர் போனால் காம்பரா போகும் என்ற விதியும் கூடலூரில் ஓய்வு பெற்றால் குடியிருப்பு போகும் என்ற விதியும் ஒன்றே. இலங்கையில் அதை மாற்ற வேண்டுமானால் கம்பனிகளின் குத்தகையை உடைக்க வேண்டும், நாடாளுமன்றத்தில் பெரும்பான்மை தேட வேண்டும். இங்கே முதலாளியும் அரசுதான், நில உரிமையாளரும் அரசுதான், பட்டா எழுதும் வட்டாட்சியரும் அரசின் ஆள்தான். எந்த அயல்நாட்டோடும் ஒப்பந்தம் போடத் தேவையில்லை. நிலத்தை வனத்துறைக்குத் திருப்பிக் கொடுக்கும் உத்தரவை எழுத முடிந்த கோட்டையில், குடியிருப்பு வரிசை நிற்கும் சில ஏக்கரைப் பிரித்து அங்கே வாழ்பவர் பெயரில் எழுதவும் முடியும்.